ஆர் ஏறப் போகினம்?

அந்த அக்காவோடு வேலை செய்த ஆறு மாதத்தில் நான் ஒரு நாளும் மதியச் சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிட்டதில்லை. பன்னிரண்டு மணிக்குக் கூட்டம் முடியும். எல்லோரும் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்துகொண்டிருப்போம். அப்போதுதான் அவர் பேனாவை மூடிவைத்துவிட்டு, "ஒரு சின்னக் கேள்வி" என்று ஜெர்மன் மொழியில் தொடங்குவார். எழுந்தவர்கள் மறுபடி உட்காருவார்கள். என் டப்பாவில் இருக்கும் சாம்பார் சாதத்துக்கு அன்றைக்கும் ஒரு மணிதான்.

கேள்வி எப்போதும் ஒன்றுதான். ஜெர்மானியர்களிடம் இரண்டே சொல்லில் கேட்பார்: "யாருக்கு இது?" என்னிடம் தனியாகக் கேட்கும்போது அவருடைய அம்மாவின் யாழ்ப்பாணத் தமிழ் வந்துவிடும்: "தம்பி, இதிலை ஆர் ஏறப் போகினம்?"

நாங்கள் வேலை செய்தது கார்ல்ஸ்ரூஹேக்கு வெளியே, தொழிற்பேட்டை ஒன்றின் கடைசிக் கட்டடத்தில். ரோலர் கோஸ்டர்களுக்கான பெட்டிகளையும், அவை வந்து நிற்கும் மேடைகளையும் வடிவமைக்கும் சின்ன நிறுவனம். இங்கே வரைந்து, செய்து, கப்பலேற்றி அனுப்புவோம். கூச்சல் போட்டுக்கொண்டு அதில் ஏறுகிறவர்கள் பெரும்பாலும் அமெரிக்காவில் இருந்தார்கள். ஃபுளோரிடா, டெக்சஸ், ஒஹாயோ, கொஞ்சம் கனடா. அங்கே இந்தத் தொழில் பெருத்துக்கொண்டே போகிறது. முழுசாகப் புதுக் கேளிக்கைப் பூங்காக்கள் எழும்புகின்றன. சினிமாவில் பார்த்த ஊரை அப்படியே கட்டி அதற்குள் ஆட்களை நடக்க விடுகிறார்கள். கோடைகாலத் தொழில் என்ற பேச்சே போய்விட்டது. அக்டோபரில் பேய் வேஷம், டிசம்பரில் விளக்கு, மார்ச்சில் பள்ளி விடுமுறை என்று வருடம் முழுக்கக் கூட்டம். கூட்டம் கூடினால் வரிசை நீளும். வரிசை நீண்டால் காசு கொடுத்து முன்னால் போக ஒரு வழி, செல்பேசியிலேயே இடம் பிடித்துவைக்க இன்னொரு வழி. எத்தனை வழி வைத்தாலும் முடிவில் ஒரு மேடை, ஒரு ரயில், அதில் இத்தனை இருக்கை. ஒரு மணி நேரத்தில் எத்தனை பேரை ஏற்றி இறக்கலாம் என்ற அந்த ஒரே எண்ணைப் பார்த்துத்தான் அவர்கள் ரயில் வாங்கினார்கள்.

அந்த எண்ணைக் கணக்கிடும் வேலைதான் எனக்கு.

என் அப்பாவும் அம்மாவும் செங்கல் சூளையில் வேலை செய்தவர்கள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். திருவிழா ராட்டினத்தில்கூட ஏறியதில்லை. மகன் ஜெர்மனியில் ரயில் செய்கிறான் என்று அம்மா ஊர் முழுக்கச் சொல்லிவைத்திருந்தார். எந்த ஊருக்குப் போகிற ரயில் என்று யாராவது கேட்டால், "எந்த ஊருக்கும் போவாதாம், மேல போயிக் கீழ வருமாம்" என்பாராம். மேற்படிப்பு முடித்து அங்கே சேர்ந்தபோது ஆறு மாதம் சோதனைக் காலம் என்று ஒப்பந்தத்தில் இருந்தது. ஆறு மாதம் முடிந்து நிரந்தரமானால் ஜெர்மனியில் என் இருப்பு உறுதி. இல்லையென்றால் வதிவிட அனுமதி காலாவதியாவதற்குள் வேறு வேலை தேடவேண்டும். கிடைக்காவிட்டால் விமானச் சீட்டு.

இப்படிப்பட்ட நிலையில் இருக்கிற ஒருவனுக்கு, கணக்கைச் சரிபார்க்கும் மேலதிகாரியாக அந்த அக்கா வாய்த்தார்.

அவருக்கு அப்போது நாற்பத்தைந்து வயதிருக்கலாம். கைக்குழந்தையாக ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்திறங்கி, பேர்லினின் நொய்கெல்ன் பகுதியில் வளர்ந்தவர். ஜெர்மன் அவருக்கு மூச்சு. தமிழ் பேசும்போது மட்டும் அறுபது வயது ஆச்சி போல ஆகிவிடுவார், அதைக் கற்றுக்கொண்ட இடம் அப்படி. அலுவலகத்தில் அவருக்குத் தமிழ் பேசக் கிடைத்த ஒரே ஆள் நான். முதல் நாளே, "நீர் இந்தியாவே? நல்லது. இனி நான் ஆரையும் பேசலாம், ஒருத்தருக்கும் விளங்காது" என்றார். எனக்கும் பாதி விளங்கவில்லை என்பதை நான் சொல்லவில்லை.

காப்பி இயந்திரம் வாங்கிய கதையைச் சொன்னால் போதும். பழையது கெட்டுப்போனது. கடையில் நல்லதாக ஒன்று பார்த்து வாங்கி வைத்துவிட்டுப் போகவேண்டியதுதானே. அக்கா அதற்கும் கேட்டார், யாருக்கு? காலையில் துப்புரவுக்கு வருகிற பெண்மணிக்குக் கண்ணாடி இல்லாமல் அந்தத் தொடுதிரை தெரியுமா? பட்டறையில் இருக்கிற நெடியவர் குனிந்து கோப்பை வைத்தால் முதுகு தாங்குமா? மூன்று கடையிலிருந்து மூன்று இயந்திரம் சோதனைக்கு வந்து போயிற்று. மூன்று வாரம் நாங்கள் காப்பி இல்லாமல் இருந்தோம். கடைசியில் வாங்கியது, பழையது இருந்ததே, அதே மாதிரி.

"அக்கா, சராசரியா ஒரு ஆளுக்கு எது சரியோ அதை வாங்கலாமே" என்றேன்.

"சராசரி ஆள் எண்டு ஒருத்தரையும் நான் இன்னும் சந்திக்கேல்லை, தம்பி. சந்திச்சால் எனக்கும் ஒருக்கா அறிமுகப்படுத்தி விடும்."

அமெரிக்காவில் இந்தத் தொழிலுக்கென்று வருடா வருடம் நடக்கும் பெரிய கண்காட்சிக்குப் போய்விட்டு எங்கள் முதலாளி திரும்பிவந்தார். நல்ல மனிதர், உற்சாகம் கொஞ்சம் அதிகம். திரையில் படம் படமாகப் போட்டுக் காட்டினார். உலகத்திலேயே உயரம், உலகத்திலேயே வேகம் என்ற போட்டியெல்லாம் இப்போது ஓய்ந்துவருகிறது, இனி குடும்ப ரயில்தான், பேரன் பேத்தி, அப்பா அம்மா, தாத்தா பாட்டி, மூன்று தலைமுறையும் ஒன்றாக உட்கார்ந்து கத்தவேண்டும், அதுதான் அமெரிக்காவில் வளர்ச்சி என்றார். அங்கே ஒரு பெரிய பூங்கா நிறுவனம் அப்படியொரு ரயிலுக்கு எங்களிடம் விலை கேட்டிருக்கிறது, கிடைத்தால் மூன்று வருடத்துக்கு வேலை என்றும் சொன்னார். எல்லோரும் கைதட்டினோம். மணி பன்னிரண்டு. நாற்காலிகள் நகர்ந்தன.

பேனா மூடப்பட்டது.

"ஒரு சின்னக் கேள்வி. தாத்தா பாட்டி என்றால் எந்தத் தாத்தா பாட்டி? உங்களுடைய படத்தில் இருக்கிற பாட்டி நம் எல்லோரையும்விட வேகமாக ஓடுவார் போலிருக்கிறதே."

முதலாளி திரையைப் பார்த்தார். நரைத்த தலையோடு விளையாட்டுக் காலணி போட்டுக்கொண்டு ஒரு விளம்பரப் பாட்டி சிரித்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு நான் சாப்பிட்டபோது மணி ஒன்றே முக்கால்.

ஒரு சனிக்கிழமை, பக்கத்தில் இருக்கிற ஒரு பூங்காவுக்கு என்னை வரச்சொன்னார். நான் முந்தின நாளே சட்டையைத் தேய்த்து வைத்தேன். இருபத்தாறு வயதில் முதல்முறையாக ஒரு ரோலர் கோஸ்டரில் ஏறப்போகிறேன் என்று தங்கைக்குச் செய்தி அனுப்பினேன். உள்ளே போனதும் அக்கா நேராக ஒரு ரயில் மேடைக்கு எதிரே இருந்த பெஞ்சில் உட்கார்ந்தார். என் கையில் நிறுத்துக்கடிகாரத்தைக் கொடுத்தார். நாலு மணி நேரம். நடுவில் மழை வேறு. ஆட்கள் ஏறுவதையும் இறங்குவதையும் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அந்தாளைப் பாரும், வலது கால் செயற்கைக் கால். எந்தப் பக்கத்தாலை ஏறுறார்? உந்தப் பிள்ளைக்கு உயரம் காணாது, அண்ணன் ஏறிட்டான். இப்ப தாய் ஆரோடை நிக்கிறது? எழுதும், எழுதும்."

எழுதினேன். கடைசி ரயில் போனது. கதவைச் சாத்தினார்கள். நனைந்த சட்டையோடு வாசலை நோக்கி நடக்கும்போது என்னால் அடக்க முடியவில்லை.

"அக்கா, நாம ஒருதடவைகூட ஏறவே இல்லையே."

அவர் உண்மையிலேயே ஆச்சரியப்பட்டு நின்றார். "ஏற விருப்பம் எண்டால் சொல்லியிருக்கலாமே. நீர் ஒண்டும் கேக்கேல்லை."

உலகத்தில் இருக்கிற எல்லோரைப் பற்றியும் யோசிக்கிற ஒருவர், பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவனைப் பற்றி யோசிக்கவில்லை. அன்றைக்கு வீட்டுக்குப் போகும் டிராமில், இந்த மனுஷி நான் நினைத்த அளவுக்குப் புத்திசாலி இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

குடும்ப ரயிலுக்கான கணக்கை நான் போட்டு முடித்தது ஐந்தாவது மாதக் கடைசியில். எங்கள் வழக்கப்படி, பட்டறைக் கூடத்தில் ஒட்டுப்பலகையால் ஒரு மேடையும் நாலு பெட்டியும் அசல் அளவில் செய்து வைத்திருந்தோம். இருக்கையும், மடிமேல் இறங்கிப் பிடித்துக்கொள்ளும் மடிக்கம்பியும் மட்டும் அசல். பல்கலைக்கழகத்திலிருந்து மாணவர்களை அழைத்து ஏற்றி இறக்கி நேரம் எடுத்தேன். பிள்ளைகள் தண்ணீர் போல வழிந்து ஏறினார்கள், வழிந்து இறங்கினார்கள். அருமையான எண் வந்தது. முதலாளி என் தோளில் தட்டினார். "இந்த எண்ணுக்கு அவர்கள் வாங்குவார்கள். வாங்கினால் நீ எங்களுக்கு நிரந்தரமாகத் தேவை. வாங்காவிட்டால்..." என்று கையை விரித்தார். ஒளிவுமறைவு இல்லாத மனிதர்.

எங்கள் அறிக்கைகளில் இரண்டு கையெழுத்து வேண்டும். ஒன்று கணக்குப் போட்டவர், மற்றது சரிபார்த்தவர். அக்கா அறிக்கையை வாங்கிப் படித்தார்.

"உந்த மாணவர்கள் ஓடுற பஸ்ஸிலை ஏறுற ஆக்கள். மூண்டு தலைமுறை எண்டுதானே அவையள் கேட்டவை. மூண்டு தலைமுறையையும் கூட்டிக்கொண்டு வருவம்."

"எங்கேருந்து அக்கா?"

"தமிழ்ப் பள்ளிக்கூடத்திலையிருந்து."

அரை மணி நேரத் தூரத்தில் இருக்கும் ஊரில் சனிக்கிழமைதோறும் நடக்கும் தமிழ்ப் பள்ளியை அந்த வாரம் அப்படியே எங்கள் பட்டறைக்கு மாற்றிவிட்டார். பதினைந்து இருபது கார்களில் வந்து இறங்கினார்கள். பிள்ளைகள், அவர்களுடைய அப்பா அம்மா, தாத்தா பாட்டிகள். கூடவே மடக்கு மேசை, தேநீர்க் குடுவைகள், தட்டுத் தட்டாக மீன் ரோல்ஸ். வாத்தியார் எல்லோரையும் வகுப்பு வாரியாக நிறுத்தினார். நான் நிறுத்துக்கடிகாரத்தோடு மேடை ஓரத்தில் நின்றேன்.

முதலில் வந்தவர் பச்சைச் சேலையும் குளிர்ச் சட்டையும் போட்ட ஓர் அம்மா. மேடை விளிம்புக்கு வந்தார், நின்றார். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். பெட்டியின் முன்பக்கத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு வலது காலை எடுத்து உள்ளே வைத்தார்.

"அம்மா, செருப்போட ஏறலாம்மா" என்றேன்.

"புது வாகனம், தம்பி. நீர் பேசாமல் இரும்."

அவ்வளவுதான். பின்னால் நின்ற அத்தனை பேரும் குனிந்து கழற்ற ஆரம்பித்தார்கள். சப்பாத்துக் கயிறு, பூட்ஸ் ஜிப், பிள்ளைகளின் ஒட்டுப்பட்டி. இத்தோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. எங்கள் மேடையில் ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கவேண்டும், எல்லாப் பூங்காவிலும் அப்படித்தான். இறங்கினவர்கள் அந்தப் பக்கம் காலுறையோடு நின்றார்கள். காலணிகள் இந்தப் பக்கம். அதற்குள் அடுத்த குழு ஏறிக்கொண்டிருந்தது. ஏறுகிறவர்களுக்கு நடுவில் இறங்கினவர்கள் பெட்டியைக் கடந்து திரும்பி வந்தார்கள்.

"என்ரை மற்றச் சப்பாத்து எங்கை?"

"அது உங்கடை இல்லை அக்கா, அது டொக்டரின்ரை!"

ஐந்து பேர் உள்ள குடும்பத்துக்கு இரண்டிரண்டாக இருக்கை. ஐந்தாவது ஆள் யார் என்பதில் ஒரு பேச்சுவார்த்தை நடந்தது. முன் பெட்டியில் ஒரு தாத்தா மடிக்கம்பியை இறக்க விடவில்லை.

"பிள்ளை, இது எத்தினை மணிக்கு வெளிக்கிடும்?"

"வெளிக்கிடாது ஐயா," என்றார் அக்கா, "இது பலகையாலை செய்தது."

"பேந்தென்னத்துக்கு என்னைக் கட்டுறியள்?"

கூடம் முழுக்கச் சிரிப்பு. அக்காவின் முகத்தை நான் அதற்கு முன்னால் அவ்வளவு மலர்ச்சியாகப் பார்த்ததில்லை. ஒரு கையில் ரோல்ஸ், மறுகையில் குறிப்பேடு. நான் நிறுத்துக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மாலையில் கணக்குப் போட்டுப் பார்த்தால் என் அருமையான எண்ணில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு காணாமல் போயிருந்தது.

"அக்கா, அமெரிக்காவுல யாரும் இப்படிச் செருப்பைக் கழட்டிட்டு ஏற மாட்டாங்க."

"ஓம், கழட்டாயினம். தண்ணி விளையாட்டு முடிச்சுப்போட்டு ஈரச் செருப்போடை வருவினம். தொப்பி வரும், பை வரும், பரிசாக் கிடைச்ச பெரிய கரடிப் பொம்மை வரும். அதை வைக்கிறது இஞ்சாலை, எடுக்கிறது அங்காலை. எல்லாம் ஒண்டுதான். மேடையை அகலமாக்கி, சாமான் வைக்க ரெண்டு பக்கமும் திறக்கிற தட்டுப் போடவேணும். பேந்து திருப்பி எண்ணுவம்."

"அதுக்கெல்லாம் நாலு மாசம் ஆகும்."

"ஆகட்டும்."

என் சோதனைக் காலம் முடிய இருந்தது பன்னிரண்டு நாள்.

ஒரு வாரம் கெஞ்சினேன். தமிழ்ப் பள்ளிச் சோதனையைப் பின்னிணைப்பாகப் போடலாம் என்றேன். கப்பல் ஏறுவதற்கு முன் மேடையைத் திருத்திக்கொள்ளலாம், இப்போதைக்கு மாணவர்களின் எண்ணை அனுப்பலாம் என்றேன். எல்லாவற்றுக்கும் "ஏலாது" என்று ஒரே பதில். அதைக் கோபமாகக்கூடச் சொல்ல மாட்டார். இன்றைக்கு மழை என்று சொல்வது போலச் சொல்வார். அதுதான் தாங்க முடியாதது.

வெள்ளிக்கிழமை மதியம், அலுவலகச் சமையலறையில் அவர் கோப்பையைக் கழுவிக்கொண்டிருந்தார். நான் போய் நின்றேன். மெதுவாகத்தான் ஆரம்பித்தேன், குரல் அதுவாகவே ஏறிவிட்டது.

"எல்லாருக்காகவும் கேக்குறீங்களே அக்கா. துப்புரவு அம்மாவுக்குக் கேப்பீங்க, அமெரிக்கப் பாட்டிக்குக் கேப்பீங்க. இந்த ரிப்போர்ட் போகலைன்னா நான் என்ன ஆவேன்னு ஒருநாள் கேட்டீங்களா? உங்ககிட்ட ஜெர்மன் பாஸ்போர்ட் இருக்கு. என்கிட்ட பன்னண்டு நாள் கூட இல்ல, அஞ்சு நாள் இருக்கு."

அவர் குழாயை மூடினார். கோப்பையைத் துடைத்தார், உள்ளே, வெளியே, அடியில். கொக்கியில் மாட்டினார். என்னைப் பார்க்கவில்லை.

"என்ரை அப்பாவுக்கு மூண்டு மாசத்துக்கு ஒருக்காத்தான் விசா முத்திரை குத்துவாங்கள்," என்றார். "நான்தான் கூடப்போறனான், மொழிபெயர்க்க. எனக்கு அப்ப எட்டு வயசு." துணியை மடித்து வைத்துவிட்டுப் போய்விட்டார்.

திங்கட்கிழமை காலை அறிக்கை கோப்பில் இருந்தது. மாணவர்களின் எண். என் எண். தமிழ்ப் பள்ளியைப் பற்றி ஒரு வரி இல்லை. சரிபார்த்தவர் என்ற இடத்தில் அவருடைய கையெழுத்து, வழக்கம்போலக் கொஞ்சம் சாய்வாக. என் கையெழுத்துக்கு முன்பே அவர் போட்டிருந்தார்.

நான் கேட்டது இதைத்தான். ஆனாலும் அந்தப் பக்கத்தை மூடிவிட்டு மறுபடி திறந்து பார்த்தேன். ஒரு காப்பி இயந்திரத்தைக்கூட மூன்று வாரம் கேள்வி கேட்டவர் இதைக் கேள்வியே இல்லாமல் ஒப்புக்கொண்டிருந்தார். நானும் கையெழுத்துப் போட்டேன்.

மாலை நாலு மணிக்கு அமெரிக்கக்காரர்களோடு காணொளிக் கூட்டம். அவர்களுக்கு அப்போது காலை. திரையில் முதலாளி ஒரு சதுரத்தில், நான் ஒன்றில், அக்கா தன் அறையிலிருந்து ஒன்றில். அந்தப் பக்கம் ஐந்தாறு பேர். அவர்களில் பூங்காக்களை அன்றாடம் நடத்தும் பொறுப்பில் இருந்த ஒரு பெண்மணி, ஐம்பது வயதிருக்கும், வெயிலில் கறுத்த முகம். முதலாளி என் எண்ணைக் காட்டினார். எல்லோரும் தலையாட்டினார்கள். அந்தப் பெண்மணி மட்டும் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் திரைக்குப் பக்கத்தில் வந்தார்.

"நல்ல எண்," என்றார். "ஜூலை மாசம், சனிக்கிழமை, மத்தியானம். மேடையில் நிற்பது என் ஆட்கள். இதை நம்பி நான் அவர்களுக்கு வேலை முறை போடலாமா?"

முதலாளி, "எங்கள் பொறியாளரே சொல்வார்" என்று என் பக்கம் கையைக் காட்டினார்.

நான் அக்கா இருந்த சதுரத்தைப் பார்த்தேன். கட்டாயம் பேசுவார். இந்தக் கேள்விக்காகத்தானே இந்த மனுஷி பிறந்தார். அவர் பெயருக்குப் பக்கத்தில் ஒலிவாங்கியின் மேல் சிவப்புக் கோடு. மூடி வைத்திருந்தார். நேரே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், கடவுச்சீட்டுப் புகைப்படத்துக்கு உட்கார்வது போல.

எனக்கு வந்த எரிச்சலைச் சொல்ல முடியாது. ஆறு மாதம் என் சாப்பாட்டைக் கெடுத்தீர்களே, இப்போது வாயைத் திறந்து தொலையுங்களேன் அக்கா. நீங்கள் சொன்னால் அது உங்கள் தொல்லை, உங்கள் குணம், நான் உங்களைத் திட்டிக்கொண்டே ஊருக்குப் போவேன். நீங்கள் சொல்லாமல் இருந்தால் நான் யாரைத் திட்டுவது?

சிவப்புக் கோடு அப்படியே இருந்தது. அந்தப் பெண்மணி காத்துக்கொண்டிருந்தார்.

"இல்லை," என்றேன். "இது மாணவர்களை வைத்து எடுத்தது. குடும்பங்களை வைத்து இன்னொரு சோதனை செய்தோம். அதில் எண் குறைந்தது. மேடையை மாற்றினால் கொஞ்சம் கூடும். எவ்வளவு என்று எங்களுக்கு இன்னும் தெரியாது."

முதலாளியின் முகம் திரையில் உறைந்துபோயிற்று. முதலில் இணையம் நின்றுவிட்டது என்றுதான் நினைத்தேன். அந்தப் பெண்மணி கண்ணாடியை மாட்டிக்கொண்டு, குடும்பச் சோதனையின் விவரங்களை அனுப்பச் சொன்னார். புது மேடையோடு மறுபடி எண்ணிக் காட்டுங்கள், அதன்பிறகு முடிவு சொல்கிறோம் என்றார்கள். கூட்டம் பத்து நிமிடத்தில் முடிந்தது.

ஆர்டர் கடைசியில் எங்கள் நிறுவனத்துக்குத்தான் வந்தது, அடுத்த கோடையில், அகலமான மேடையோடு. அப்போது நான் அங்கே இல்லை. சோதனைக் காலம் முடிந்த அன்றே முதலாளி என்னை அழைத்து, கைகுலுக்கி, வருத்தமாகத்தான் அனுப்பிவைத்தார். நல்ல சான்றிதழும் எழுதிக் கொடுத்தார். அனுமதி முடிய மூன்று வாரம் இருக்கும்போது ஸ்டுட்கார்ட் பக்கம் மின்தூக்கி செய்யும் நிறுவனம் ஒன்றில் வேலை கிடைத்தது. இதுவும் மேலே போய்க் கீழே வருவதுதான் என்பதால் ஊரில் அம்மா கதையை மாற்றவேண்டியிருக்கவில்லை.

அந்தத் திங்கட்கிழமை கூட்டம் முடிந்ததும் நான் நடைவழிக்கு வந்தேன். அந்தக் கோடியில் அறைக்கதவைத் திறந்துகொண்டு அக்கா வந்தார். வேகமாக வந்தார். தட்டிக்கொடுப்பார் என்று நினைத்தேன் போலிருக்கிறது, ஏனென்றால் நான் சிரித்தேன்.

"உமக்கென்ன விசரே, பைத்தியமே?" என்றார்.

"அக்கா, நீங்கதானே..."

"நான்தானே என்ன? நான் கையெழுத்து வச்சனான். பிழைச்சால் என்ரை தலையிலை விழுந்திருக்கும். ஆர் உம்மைக் கேட்டது வாயைத் திறக்கச் சொல்லி?"

"அவங்க கேட்டாங்க அக்கா. அந்தம்மா."

"கேட்டால்? 'நம்பலாம்' எண்டு ஒரு சொல்லு. அது வாயிலை வரேல்லையே உமக்கு?"

பக்கத்து அறையிலிருந்து யாரோ எட்டிப் பார்த்தார்கள். அக்கா அவர்களை ஒரு பார்வை பார்த்தார், கதவு மூடிக்கொண்டது. அவரை அப்படிக் கோபமாக நான் பார்த்ததில்லை. எரிந்து விழுகிற முறை அன்றைக்கு அவருடையதாக இருந்தது.

"முழு வாழ்க்கையிலையும் ஒருக்கா, தம்பி. ஒரே ஒருக்கா நான் கேள்வி கேக்காமல் இருந்தனான்," என்றார். "அதையும் நீர் கெடுத்துப்போட்டீர்."